எண்ணிக்கைக் கணக்கு

வே சுடலை,

பத்து மாசமா எழுதலை, தப்புதான். நீரும் ஒண்ணும் எழுதிக் கிழிக்கலை. முழங்கால் வலி தேவலையா? இங்க எல்லாரும் சுகம்.

விஷயம் என்னன்னா, மூத்தவளுக்குக் காரைக்குடி சிக்ரியில, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, ஆராய்ச்சிக்கு இடம் கிடைச்சிருக்கு. லித்தியம் பேட்டரி. ஈய பேட்டரி வித்து நான் படிக்கவெச்சேன், அவ ஜெயிச்சா என் கடைக்குப் பூட்டு. சிரிக்காதேயும்.

கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டின இடம். மரமும் நிழலுமா இருக்கு. வழியெல்லாம் அவ ஒரே கணக்கு, ஆராய்ச்சிக்காரங்களை இதை வெச்சுத்தான் எடைபோடுவாங்களாம்: எத்தனை கட்டுரை வந்தது, அதை வேற எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்க. "அப்ப சுடலை மாமா பரீட்சையில சங்கரனைப் பாத்து எழுதினதும் மேற்கோள்தானா?"ன்னு கேட்டேன். முறைச்சா.

பொறவு ஒண்ணு சொன்னா. லித்தியம் பேட்டரிக்குள்ள வைக்கிற லித்தியம் கோபால்ட் ஆக்சைடைப் பத்தி, குட்எனஃப்ங்கிற விஞ்ஞானியோட கூட்டம் 1980-ல ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து கட்டுரை போட்டப்போ, காப்புரிமை எடுக்கக்கூட அந்தப் பல்கலைக்கழகம் காசு செலவழிக்கலையாம். சோனி பேட்டரியா விக்க 1991 ஆச்சு. நோபல் வந்தது 2019-ல, மனுசனுக்கு 97 வயசு. 1985 வாக்கில யாராவது வந்து "உம்ம கட்டுரையால என்ன பிரயோசனம்?"னு கேட்டிருந்தா என்னவே சொல்லியிருப்பார்? எனக்கு வாயடைச்சுப் போச்சு.

ஆனா மனசு ஆறலை. போன வாரம் ஒரு பெரியவர் இன்வெர்ட்டர் பேட்டரியை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு கடைக்கு வந்தார். வாங்கி ஒண்ணரை வருசம். மூடியைத் திறந்தா ஆசிட் காப்பித்தண்ணி மாதிரி கலங்கிக் கிடக்கு. ஆசிட் அடர்த்தி பாக்குற ஹைட்ரோமீட்டரை விட்டேன், மிதவை எழும்பவே இல்லை. "என்ன தண்ணி ஊத்துனீங்க?"ன்னா, "தாமிரபரணித் தண்ணிதான், இனிப்பா இருக்கும்லா!"ங்கார். குடிக்கத்தான் இனிப்பு. அதுல கரைஞ்ச உப்பும் இரும்பும் பிளேட்டைத் தின்னுரும். கண்ணாடியாட்டம் இருந்தாலும் ஆத்துத்தண்ணி ஆத்துத்தண்ணிதான். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும். இது நூறு வருசத்துக்கு முந்தியே தெரிஞ்ச சங்கதி, இன்னும் வண்ணார்பேட்டை வந்து சேரலை!

ராத்திரி போன்ல அவகிட்ட கேட்டேன், "அந்தப் பெரியவருக்கு நான் புரியவெச்சேனே, இதை எந்தக் கணக்குல சேப்பாங்க?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "எதுலயும் சேக்க மாட்டாங்கப்பா"ன்னா. அந்தக் குரல் எனக்கு என்னமோ செஞ்சுட்டு, சுடலை. அஞ்சு வருசம் பிள்ளை அங்க எண்ணிக்கிட்டே இருக்கப்போறாளோன்னு இருக்கு.

அது கிடக்கட்டும். உம்ம வீட்டு இன்வெர்ட்டருக்கு என்ன தண்ணிவே ஊத்துதீரு? உண்மையைச் சொல்லும்.

உம்ம
ஐயப்பன்