நாலு பேர், ஒரு நோட்டு

ஆசிரியருக்கு,

சம்பா அறுப்பு முடிந்ததும் டெல்டா கிராமங்களில் உடற்பயிற்சிக்குச் சேரும் ஆண்கள் பத்து நாளில் கலைந்துவிடுகிறார்கள். முதல் நாளே 50 தண்டால் எடுத்தால் தோள் பிடித்துக்கொள்ளாதா? தொடக்கத்துக்கு 8 தண்டால், 15 பஸ்கி (உட்கார்ந்து எழுவது), மூன்று சுற்று. நடுவே 2 நிமிட ஓய்வு. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்து, எண்ணிக்கையில் வாரத்துக்கு ஒன்று கூட்டினால் போதும். களத்துமேடே தாராளம், ஜிம் எதற்கு?

குழுவில் 4 பேர் இருக்கட்டும். 10 பேரானால் வராதவரை யாரும் தேடுவதில்லை. எண்ணிக்கையை ஒரே நோட்டில் எழுதி, ஞாயிறன்று இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பயிற்சிக்கு வராதவர் வீட்டுக்கு, வராத நாள் மாலையே ஒருவர் போய் விசாரிக்க வேண்டும். அபராதம் மட்டும் வேண்டாம். பணம் கட்டியவர் கணக்குத் தீர்ந்ததாக நினைத்துக்கொள்கிறார். நடவு நாட்களில் ஒரு சுற்றாவது செய்யலாம். அடியோடு விட்டவர் மறுபடி 8-லிருந்து தொடங்கட்டும்.

சிலம்பப் பயிற்சியாளர்கள் சிலர்,
மன்னார்குடி வட்டம்