வேதியியல் தேர்வும் மாலைக் குழுப் படிப்பும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வும் பொங்கல் விடுமுறையும் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். இந்தப் பருவம் நல்லபடியாகவே போனது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவ மாணவியர் பரிசு வாங்கினார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. பங்கெடுத்த எல்லோருக்கும், பயிற்சி கொடுத்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். மேலூர்ப் பக்கம் அறுவடை நேரம் என்பதால் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குப் பலரால் வர முடியவில்லை. அதனால் கடிதமாக எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு இனி திருப்புதல் தேர்வுகள், அப்புறம் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. இதில் வேதியியல் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பள்ளி நாட்களில் மாலை நாலரை மணி முதல் ஐந்தரை வரை வேதியியல் ஆய்வகத்தில் பிள்ளைகள் ஐந்தைந்து பேராக உட்கார்ந்து படிக்கிறார்கள். குழுவுக்கு நன்றாகப் படிக்கிற ஒருவர், தேர்ச்சிக்கே தடுமாறுகிற ஒருவர், மற்றவர்கள் நடுத்தரம் என்று பார்த்துத்தான் பிரித்திருக்கிறோம். இதைப் பற்றிச் சில பெற்றோர்கள் என்னிடம் வருத்தப்பட்டார்கள். "என் மகள் தான் படிக்க வேண்டிய நேரத்தில் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறாள், அவள் மதிப்பெண் என்ன ஆவது?" என்று கேட்டார்கள். நியாயமான கவலைதான். பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-இல் வேதியியலுக்கு 50, நீட் தேர்வின் 720-இல் 180. வயலை நம்பியும் கடையை நம்பியும் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எண்ணிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த மேசைகளில் என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கார்பனைல் சேர்மங்கள் பாடத்தில் ஆல்டிஹைடு என்ற வகைச் சேர்மங்களுக்கு ஆல்டால் குறுக்கம், கான்னிசரோ வினை என்று இரண்டு வினைகள் வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு சமன்பாட்டையும் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். போன வாரம் ஒரு மாணவன், "அசிட்டால்டிஹைடு ஆல்டால் தருது, ஃபார்மால்டிஹைடு மட்டும் ஏன் தரல?" என்று கேட்டான். சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மாணவிக்கு உடனே பதில் வரவில்லை. புத்தகத்தைப் புரட்டினாள். ஆல்ஃபா ஹைட்ரஜன், அதாவது ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன், இருந்தால்தான் ஆல்டால் குறுக்கம் நடக்கும், ஃபார்மால்டிஹைடில் அது கிடையாது, அதனால்தான் செறிந்த காரத்தோடு சேரும்போது கான்னிசரோ வினை நடந்து மெத்தனாலும் ஃபார்மேட் உப்பும் வருகின்றன என்று அவளே கண்டுபிடித்து விளக்கினாள். இனி அதேபோல ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத பென்சால்டிஹைடைக் கொடுத்து வினாவை மாற்றிக் கேட்டாலும் அவள் எழுதிவிடுவாள். அந்தக் கேள்வியைத் தனியாகப் படிக்கும்போது அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டவனுக்கும் இது பெரிய உதவி. வேதியியலில் தேர்ச்சிக்கு 100-இல் மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வின் 70-இல் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்களே 15 இருக்கின்றன. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தினமும் பத்து வினா கேட்டால், பயந்துபோயிருக்கிற பிள்ளைக்கு முதலில் தைரியம் வருகிறது. படிப்பு அதற்குப் பின்னால் வருகிறது.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை அயனிச் சமநிலைக் குறிப்பைக் கேட்டபோது, "வீட்டில் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று பதில் வந்திருக்கிறது. இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குத் தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வில் உங்கள் பிள்ளையோடு போட்டியிடுவது தமிழ்நாடு முழுவதிலும் இருந்து வருகிறவர்கள். ஒரே பெஞ்சில் இருக்கிற தோழியிடம் நோட்டை மறைத்து அந்த வரிசையில் ஓர் இடம்கூட முன்னேற முடியாது. அதேபோல, பெயரைக் குறிப்பிட்டு "அவனோடு உட்கார வைக்காதீர்கள்" என்று வந்த கோரிக்கைகளை நான் ஏற்கப்போவதில்லை. மதிப்பெண்ணைக் காரணம் காட்டினாலும் சரி, வேறு எந்தக் காரணம் சொன்னாலும் சரி, இந்தப் பள்ளியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை ஆசிரியர்கள்தான் முடிவு செய்வார்கள்.

உங்கள் கவலைக்காகச் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். சொல்லிக்கொடுக்கிற பிள்ளை முதல் இருபது நிமிடம் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். மீதி நேரம் எல்லோரும் அவரவர் ஐந்து மதிப்பெண் வினாக்களை எழுதிப் பார்ப்பார்கள். வேதியியல் ஆசிரியர் கடைசிவரை கூடவே இருப்பார், தவறாகச் சொன்னதை அங்கேயே திருத்துவார். செய்முறைக்கும் இதே குழுதான். பெர்மாங்கனேட் கரைசலைக் கொண்டு தரம் பார்க்கும்போது கரைசல் அடர்நிறமாக இருப்பதால் பியூரெட் என்கிற அளவுக் குழாயில் திரவத்தின் மேல்மட்டத்தைப் பார்த்து அளவு எடுக்க வேண்டும். இதை ஒருவர் எடுக்க இன்னொருவர் சரிபார்த்தால் பிழை குறைகிறது. சொல்லிக்கொடுக்க விருப்பமில்லாத பிள்ளையை நாங்கள் கட்டாயப்படுத்த மாட்டோம், அந்த விருப்பத்தை என்னிடம் பிள்ளையே வந்து சொன்னால் போதும். கொட்டாம்பட்டி, வெள்ளலூர்ப் பக்கம் போகிற பிள்ளைகளுக்குப் பேருந்து தவறாமல் இருக்க ஐந்தரைக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிடுவோம்.

மாலையில் எல்லோருக்கும் சேர்த்துச் சுண்டல் அவித்துக் கொடுத்தனுப்புகிற தாய்மார்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து பிள்ளைகளைப் பேருந்து நிறுத்தம்வரை அழைத்துப்போகிற அப்பாக்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. என்னிடம் வருத்தப்பட்டவர்களும் பிள்ளை மேல் உள்ள அக்கறையில்தான் பேசினீர்கள், அதற்கும் நன்றி. எந்த நாள் மாலையிலும் ஆய்வகத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்