உயிர் உரப் பொட்டலத்தில் வழிமுறை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

"விதையுடன் கலந்து விதைக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். பொட்டலத்துக்குள் இருப்பவை ரைசோபியங்கள் என்னும் உயிருள்ள பாக்டீரியாக்கள். அவை வேருக்குள் குடியேறி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தந்தால்தான் பயிருக்குத் தழைச்சத்து. குடியேற்றம் எங்கே தடைபடும் என்று விதைப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

பயறுச் செடியின் வேர் ஃபிளாவனாய்டுகள் என்னும் வேதிப்பொருள்களைக் கசியவிடுகிறது. அதை உணரும் பாக்டீரியா நாட் காரணி என்ற பொருளைச் சுரக்கிறது. அது அந்தச் செடிக்கு ஏற்றதாக இருந்தால்தான் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை மடக்கிக்கொள்ளும். அங்கிருந்து தொற்று இழை என்னும் நுண்குழாய் வேரின் புறணிக்குள் (மேல்தோலுக்கு அடுத்த உட்பகுதி) வளர, அங்குள்ள செல்கள் பெருகி முடிச்சாகின்றன. நிலக்கடலையின் வழி வேறு. பக்கவேர் வெளிவரும் இடத்து வெடிப்பில் பாக்டீரியா நுழைகிறது.

ஆகவே பயிரின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். சோயாவுக்கான பிராடிரைசோபியம் என்ற வகை கொண்டைக்கடலையில் முடிச்சு போடாது. அதற்கு மீசோரைசோபியம் என்ற வேறு வகை வேண்டும். "அனைத்துப் பயறுகளுக்கும்" என்று அச்சிடுவது விதைப்பவரை ஏமாற்றுவதாகும்.

10 கிலோ விதைக்கு 200 கிராம் என்ற அளவை மட்டும் சொன்னால் போதாது. பசைக் கரைசலில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே ஈர மண்ணில் விதைக்கச் சொல்லுங்கள். வெயிலில் உலர்த்தினால் பெரும்பகுதி செத்துவிடும். பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்துக் குழைத்தாலும் அப்படியே. அதை முதலில் பூசி, ஒரு நாள் கழித்தே ரைசோபியம்.

யூரியாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் எங்களுக்குப் பெருங்கவலை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்கக் குறைந்தது 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவாகிறது. அதற்கான சர்க்கரை முழுவதும் செடி தருவது. யூரியாவால் மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் செடி முடிச்சுகளையே குறைத்துக்கொள்ளும். பிறகு பழி உயிர் உரத்தின் மேல் விழுகிறது. புளிப்பு மண்ணும் மாலிப்டினக் குறைவும் இதேபோல் கெடுக்கும்.

பூக்கும் தருணத்தில் செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம்; நைட்ரஜனை அம்மோனியாவாக்கும், ஆக்சிஜன் பட்டால் கெடும் நைட்ரோஜினேஸ் நொதியை அந்தப் புரதம் காக்கிறது. வெள்ளை என்றால் இளமுடிச்சு, அல்லது பயனற்ற மண்வாழ் இனம் முந்திக்கொண்டது. பச்சை என்றால் முதிர்ந்து ஓய்ந்தது. எண்ணிக்கையை நம்பவே கூடாது: வேரெங்கும் சிதறிய நூறு வெள்ளைப் பொடிமுடிச்சுகளைவிட ஆணிவேர் அருகில் பத்துச் சிவப்பு முடிச்சுகள் மேல்.

நறுக்கிய முடிச்சின் வண்ணப்படத்தை அடுத்த அச்சிலேயே காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
மண் நுண்ணுயிரியலில் பணிபுரிவோர்