ஜிபியுவுக்குச் சலுகை, கட்டம் போடுபவருக்கு?

ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவை (ஏஐ) வளர்க்க ஒன்றிய அரசு நடத்தும் இந்தியா ஏஐ இயக்கத்தின்கீழ், புத்தொழில் நிறுவனங்களுக்கு, ஏஐயைப் பயிற்றுவிக்கப் பயன்படும் ஜிபியு என்ற அதிவேகச் சில்லுகளின் கணினித் திறன் மணிக்குச் சுமார் 65 ரூபாய் சலுகைக் கட்டணத்தில் கிடைப்பது பற்றிய செய்தியைப் படித்தேன். 2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை இந்த இயக்கத்துக்கு 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் அளித்தது. நல்லதுதான். ஆனால், இயந்திரத்தின் வாடகையைப் பற்றி இவ்வளவு யோசித்த அரசு, அதற்குப் பாடம் சொல்லித்தரும் ஆட்களின் கூலியைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் உறவுக்காரப் பெண், பி.எஸ்சி. பட்டதாரி, எங்கள் ஊரிலேயே ஒரு நிறுவனத்தில் சாலைப் படங்களில் லாரி எது, மாடு எது, ஆள் எது என்று கட்டம் போட்டுக் குறிக்கிறார்; அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஏஐ கற்றுக்கொள்கிறது. படக் கணக்கில்தான் கூலி. தணிக்கையில் தள்ளிவிட்டால் அதுவும் இல்லை. கண் எரிய உட்கார்ந்தாலும் மணிக்கு அந்த 65 ரூபாய் தேறுவதில்லை. (இதற்கு ‘ஐடி வேலை’ என்று பெயர் வேறு.) லாபம் மேலே சேர்வதைத் தடுக்க முடியாது, சரி. மக்கள் வரிப்பணத்தில் சலுகை பெறும் நிறுவனங்கள், வேலையை வெளியாட்களிடம் கொடுத்திருந்தாலும், தரவைக் குறிப்பவர்களுக்குக் குறைந்தபட்ச மணிக்கூலி கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று அரசு நிபந்தனை விதிக்கலாமே.

– வாசகர், நாமக்கல்