செயலாளரின் ஆண்டறிக்கை: தரிசு நிலத்தில் இயற்கைத் தோட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் நாம் வாழ்ந்த காலத்தில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் முருங்கையும் பயற்றங்காயும் மாட்டெருவிலேயே விளைந்தன. அந்தப் பழக்கத்தை மீட்கும் நோக்கில், கோயிலுக்குப் பின்புறம் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த நிலத்தைச் சங்கம் இவ்வாண்டு பொறுப்பேற்றது. நடவுக்கு முன் மண்ணைத் தேற்றவே ஆண்டின் பெரும்பகுதி சென்றது. அது அவசியமான காலம் என்றே செயலவை கருதுகிறது.

மேல்மண் மழையில் அரித்துப்போய், அடியிலிருந்த செம்மண் இறுகிக் கிடந்தது. நம் நாட்டுச் செம்மண் இயல்பிலேயே அமிலத்தன்மை மிக்கது. அதன் கார அமில அளவு (pH) 5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைத் தாக்குவதோடு, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பயிருக்கு எட்டாமல் மண்ணிலேயே பிணைந்துவிடும். எனவே அமிலத்தன்மையைக் குறைக்க, எருவிடுவதற்கு முன்பே டோலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கிளறினோம்.

செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து கிடைத்த, பழம் உதிர்த்த வெற்றுக் குலைகளைப் பச்சையாகவே புதைத்துவிடலாம் என்று சிலர் கூறினர். அவ்வாறு செய்தால், குலைகளை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) எடுத்துக்கொள்ளும் என்பதால், சாணத்தோடு மாறிமாறி அடுக்கி, ஈரம் காத்து, புரட்டிப்போட்டு, நன்கு மட்கிய பிறகே இட்டோம். பால்மர (ரப்பர்) வரிசைகளுக்கிடையே மண்ணைக் காக்க மூடுகொடி படரவிட்டதை அறிந்த மூத்த உறுப்பினர்களின் யோசனைப்படி, ஒரு பகுதியில் தட்டைப்பயறு விதைத்து, பூவெடுக்கும் தறுவாயில் மண்ணோடு மடக்கிவிட்டோம். அப்பகுதியில் இப்போது மண்புழு தென்படுவது பெருமகிழ்ச்சி தருகிறது.

பாராகுவாட் எனும் நச்சுக் களைக்கொல்லியை அரசு 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்துள்ளது. முதுகில் பம்பு சுமந்து அந்த மருந்தை அடித்த பெண்கள் நம் உறுப்பினர்களில் இருக்கின்றனர். அவர்களை எண்ணியே, எந்தக் களைக்கொல்லியும் சங்க நிலத்தில் கூடாதெனச் செயலவை முடிவெடுத்தது. லாலான் எனும் களைப்புல்லைக் கிழங்கோடு தோண்டியெடுத்து, மீண்டும் முளைக்காதிருக்க மூடாக்கு இட்டுவருகிறோம். இது மெதுவான வேலைதான், ஆயினும் தொடர்வோம்.

விளைந்த கீரையும் வெண்டியும் கோயில் அன்னதானத்துக்கும் உறுப்பினர் வீடுகளுக்கும் சென்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

மேட்டுப்பகுதியையும் பாத்தி பிரித்து உடனே தரவேண்டுமெனச் சில உறுப்பினர்கள் கேட்டுள்ளனர். அவர்களின் ஆர்வத்தை மதிக்கிறோம். எனினும் அங்கே மண் இன்னும் தேறாத நிலையில், வரும் ஆண்டு முழுவதும் அப்பகுதியை மூடுபயிரிலேயே விட்டுவைக்கும் தீர்மானத்தை இப்பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

நன்றி.
செயலாளர்