எல்லாமே ‘நெகிழ்வு’ ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்று எங்கே வந்தாலும் தமிழில் ‘நெகிழ்வான’ என்று போட்டுவிடும் வழக்கம் செய்தித்தாள்களில் ஊறிவிட்டது. வேலைவாய்ப்புப் பக்கத்தில் இதனால் பொருளே தலைகீழாகிறது.

‘ஃப்ளெக்ஸிபிள் ஒர்க்கிங் ஹவர்ஸ்’ என்று ஒரு நிறுவனம் எழுதினால், வந்துபோகும் நேரத்தை ஓரளவு ஊழியரே முடிவுசெய்யலாம். ‘மஸ்ட் பி ஃப்ளெக்ஸிபிள்’ என்றால், இரவு ஷிப்டோ ஞாயிற்றுக்கிழமையோ, கூப்பிட்டபோது ஊழியர் வந்தாக வேண்டும். முன்னதில் வளைவது நிறுவனம், பின்னதில் ஊழியர். இரண்டையும் ‘நெகிழ்வான பணி நேரம்’ என்றே அச்சிட்டால், கைக்குழந்தையோடு வேலை தேடும் பெண் எதை நம்பி விண்ணப்பிப்பார்? ‘நேரத்தை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்’, ‘எந்த ஷிப்டுக்கும் வரத் தயாராக இருக்க வேண்டும்’ என்று பிரித்து எழுத இடம் ஒன்றும் அதிகம் பிடிக்காது.

அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு ‘வளைத்தல்’ என்று பொருள். நம் ‘நெகிழ்’ வேறு. அது இறுக்கம் தளர்வது. சங்கப் பாடல்களில் பிரிவால் மெலிந்த தலைவியின் கைவளை நெகிழ்ந்து கழலும். ஆகவே விதி, கெடு, நேரம் என இறுக்கி வைத்தவற்றுக்கு ‘நெகிழ்வு’ பொருந்தும். வளையும் பொருள்களுக்குப் பொருந்தாது. வீட்டுக்கு இழுக்கும் 1.5 சதுர மி.மீ. ஒயரின் உறையைச் சீவினால், பல தயாரிப்புகளில் 0.3 மி.மீ. செம்பு இழைகள் 22 இருக்கும். அதே தடிமனில் ஒற்றைக் கம்பி என்றால் திரும்பத் திரும்ப மடக்கும்போது ஒடிந்துவிடும். இழைகளாகப் பிரிந்திருப்பதால் வளைகிறது. ‘வளையும் ஒயர்’ என்றாலே போதும். ‘நெகிழ்வான குழாய்’ இன்னும் சிக்கல்: பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்று பெயர் வைத்தபின், அது பிளாஸ்டிக் குழாயா, வளையும் குழாயா என்று எப்படித் தெரியும்?

ஆளைப் பற்றி ‘நெகிழ்வானவர்’ என்றால் மனம் உருகுபவர் என்றே படும். ‘வளைந்து கொடுப்பவர்’ என்பதில் கொள்கையை விட்டுவிடுபவர் என்ற வாடை அடிக்கிறது. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் பாராட்டுதான். ‘சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்பவர்’ நீளம், ஆனால் சரி.

ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவோருக்கும் ஒன்று: ‘ஃப்ளெக்ஸிபிள் டு ஒர்க்’ என்பது பிழை, ‘ஃப்ளெக்ஸிபிள் அபௌட் ஷிப்ட்ஸ்’ என்பது சரி. எதிர்ச்சொல் ‘இன்ஃப்ளெக்ஸிபிள்’, ‘அன்’ சேராது.

‘நெகிழ்வுத்தன்மை’யில் உள்ள ‘தன்மை’யையும் விட்டுவிடலாம். ‘நெகிழ்வு’ என்பதே பண்பைச் சொல்லும் பெயர்தான்.

– மொழிபெயர்ப்பாளர், திருச்சி