அலை வேண்டாம் மகள்

அன்பு மகளுக்கு,

இங்கிலாந்தின் சீஹாம் கரையில் நீ பொறுக்கிய கண்ணாடித் துண்டுகளின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. 1921இல் மூடிய போத்தல் தொழிற்சாலை கடலில் கொட்டிய கழிவு, இத்தனை காலம் அலையில் உருண்டு இப்படி மழுங்கியிருக்கிறது என்கிறாய். அம்மா பார்த்துவிட்டு, "கல்கண்டு மாதிரி இருக்கு" என்றாள்.

உன் கண்ணாடிச் சிற்பக் கண்காட்சித் திட்டந்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீரைக் காட்ட இரண்டு சிற்பம் என்கிறாய்: சாந்தமான தண்ணீருக்கு இந்தத் துண்டுகள், அழிக்கிற தண்ணீருக்கு ஆளுயரச் சுனாமி அலை. அலையை யார்தான் செய்யவில்லை? 2004இல் இலங்கையின் தெற்குக் கரையில் பெரிய அலைக்கு முன் கடல் உள்ளே வாங்கியது. துள்ளிய மீனைப் பார்க்க இறங்கிப் போனவர்களும் உண்டு.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொழும்புக்குப் பக்கத்தில் கொலன்னாவையில் சின்னம்மா வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது ஒரு சத்தமும் இல்லையாம். குளியலறைப் பக்கமாக ஊறி வந்து நெஞ்சளவுக்கு நின்றுவிட்டது. வடிந்த பிறகு துப்புரவாக்க நானும் போனேன். கதவுகள் ஊதிப் பிளந்திருந்தன. பலகை அலுமாரியின் முதுகு கழன்று கிடந்தது. அதன் அடித்தட்டில் விருந்தாளிகளுக்கென்று அவள் ஒளித்து வைக்கும் கிளாஸ்கள், வைத்த வரிசை குலையாமல் நின்றன. ஒன்றிலும் கீறல் இல்லை. எல்லாவற்றிலும் சேறு, அதன்மேல் ஒரு விரற்கடை தெளிந்த தண்ணீர். மரத்தைத் தின்ற அதே தண்ணீர்!

உன் பட்டறையிலும் இதுதானே நடக்கிறது? நனைத்த பத்திரிகைத் தாளை உள்ளங்கையில் வைத்து, அத்தனை சூட்டில் தணலாய் இருக்கும் கண்ணாடியை உருட்டுகிறாய். இடையில் எழும் நீராவிதான் உன் கையைக் காக்கிறது. அப்புறம் ஊதுகுழாயிலிருந்து பிரிக்க அதே தண்ணீரில் ஒரு சொட்டு விடுகிறாய், வெடித்துக் கழன்று வருகிறது. ஆக, இரண்டு சிற்பம் எதற்கு? ஒன்றே போதும், அது நின்ற தண்ணீராக இருக்கட்டும்.

சின்னம்மா வீட்டுச் சுவரில் பெயின்ற் அடித்தும் அந்தக் கறைக்கோடு மங்கலாகத் தெரிகிறது. வேண்டுமென்றால் உயரத்தை அளந்து அனுப்புகிறேன். மிளகாய்த்தூள் கொடுத்துவிட அம்மா ஆள் தேடுகிறாள், அந்தப் பக்கம் யாராவது வந்தால் சொல்லு.

அன்புடன்,
அப்பா
வெள்ளவத்தை